கண்ணாடியைக் கழற்றாமல் ஒரு நாள்

ஷமீமா கண்ணுக்கு லேசர் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறாள் என்பது இலுப்பூர் கடைவீதிக்கு அவள் வாயாலேயே தெரிந்தது. பிளவுஸ் கொடுக்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள், மாடியில் அவளிடம் ஆரி வேலை கற்றுக்கொள்ளும் பெண்கள், கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் என்று ஒருவரையும் விட்டுவைக்காமல் சொன்னாள். மூடி மறைத்து ஒரு காரியம் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. ஸ்கூட்டி வாங்கியபோதும் அப்படித்தான். பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று தெரியுமுன்னே, "ஒண்ணாந்தேதியிலேர்ந்து நானே ஓட்டிக்கிட்டு வாரேன்" என்று அறிவித்துவிட்டாள். ஒன்றாம் தேதி ஓட்டிக்கொண்டும் வந்தாள்.

அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. கண்ணாடிக்கு வயது முப்பத்துமூன்று. நாலாம் வகுப்பில் போர்டு தெரியாமல் பக்கத்தில் இருந்த பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை செய்த பிழைகளையும் அச்சுப் பிசகாமல் எழுதிவைத்ததில்தான் டீச்சர் கண்டுபிடித்தார். அத்தா அவளைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். சோடாபுட்டி என்று கூப்பிட்ட பையன்களுக்கெல்லாம் அவளும் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்தாள். அவள் வைத்த பெயர்கள்தான் நிலைத்தன.

பெண் பார்க்க வந்த அன்று அம்மா, "ஒரு அரை மணி நேரம் கழட்டி வச்சிரும்மா" என்று கெஞ்சினாள். "கழட்டுனா மாப்பிள்ளை மூஞ்சி எனக்குத் தெரியாதும்மா. நானும்தானே பாக்கணும்" என்று கண்ணாடியோடே போய் நின்றாள். மாப்பிள்ளை ஷேக் பரீதுக்குப் பிடித்துப்போனது. இன்று வரை அவர் குட்டியானை வண்டி ஓட்டிக்கொண்டு, கடலையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு, அவள் சொல்வதைப் பாதி கேட்டுக்கொண்டு, மீதியை டீக்கடையில் போய்ச் சொல்லிக்கொண்டு இருக்கிறார்.

ஆரி வேலை அவள் முப்பது வயதில் திருச்சிக்குப் போய்க் கற்றது. இப்போது அன்னவாசல், விராலிமலை, அந்தப் பக்கம் திருமயம் வரைக்கும் கல்யாண பிளவுஸ் என்றால் அவளிடம்தான் வருகிறது. சட்டத்தில் பட்டுத்துணியை முரசுபோல இழுத்துக் கட்டி, கொக்கி வைத்த ஊசியால் மேலிருந்து குத்தி, அடியில் இடது கை நீட்டும் நூலைக் கவ்வி இழுத்து, சங்கிலி சங்கிலியாகப் போட்டுக்கொண்டே போவாள். கடுகை விடச் சின்னதான மணிகளை வரிசை தப்பாமல் உட்காரவைப்பாள். வேலைக்கு உட்கார்ந்தால் முதல் காரியம், கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைப்பதுதான். பிறகு மூக்கு துணியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்துவிடுவாள். வாடிக்கையாகப் பிளவுஸ் கொடுக்கும் அன்னவாசல் மீனம்மாள் ஒருமுறை, "என்ன ஷமீமா, ரோட்டுல போறப்ப கண்ணாடி போடுற, ஊசி எடுத்தா கழட்டுற, தலைகீழால்ல இருக்கு" என்று கேட்டார். ஷமீமா சிரித்தாள். அதைப் பற்றி அதற்கு மேல் அவள் யோசித்ததில்லை.

ஆபரேஷன் எண்ணத்தைக் கிளப்பியது ஐப்பசி மழை. விராலிமலையிலிருந்து மணியும் ஜரியும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பி வரும்போது, எதிரே வந்த லாரி ஒன்று பள்ளத்துத் தண்ணீரை அப்படியே வாரி அவள் முகத்தில் அடித்துவிட்டுப் போனது. கண்ணாடி முழுக்கச் சேறு. பிரேக்கைப் பிடித்தாள். வண்டி சரளையில் வழுக்கிச் சாய்ந்தது. முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் கண்ணாடி மூக்கில் இல்லை. மழையில் உட்கார்ந்து தரையைத் தடவினாள். கல் தட்டுப்பட்டது, புல் தட்டுப்பட்டது, கண்ணாடி தட்டுப்படவில்லை. ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் குனிந்து எடுத்து, "இந்தா இருக்குல்ல ஆத்தா, கண்ணு முன்னாடி" என்று கையில் கொடுத்தார். ரெண்டு முழ தூரத்தில்தான் கிடந்திருக்கிறது.

விழுந்தது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. கண்முன்னே கிடந்ததைத் தடவித் தேடியதுதான் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கை சாமியாவுக்குப் போன் போட்டாள். திருச்சியில் வேலை பார்க்கும் சாமியாவுக்கு இருபத்தேழு வயது. போன வருடம்தான் லேசர் செய்துகொண்டிருந்தாள்.

"பதினஞ்சு நிமிஷம்க்கா, அவ்வளவுதான். மறுநாள் காலைல படுத்துக்கிட்டே சுவத்துக் கடிகாரத்தப் பாத்து மணி சொன்னேன். ஒனக்கு ஏன் இத்தன வருஷம் தோணல?"

"தோணிருச்சுல்ல. நாள் பாரு."

ஷேக் பரீதுதான் பயந்துபோனார். "கண்ணுல போயி நெருப்பக் காட்டுறதா? என்னத்துக்கு ஒனக்கு இந்த வேலை? இருக்குற கண்ணும் போயிட்டா?"

"நெருப்பு இல்லங்க, வெளிச்சம். பயந்துக்கிட்டே இருந்தா ஒண்ணும் நடக்காது."

அந்த வார்த்தையை அவள் அந்த மாதம் முழுக்க எல்லோரிடமும் சொன்னாள். வகுப்புப் பெண்களிடம், மீனம்மாளிடம், ஊசி போடப் பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாத ஜெராக்ஸ் கடைக்காரரிடம். பயந்தா ஒண்ணும் நடக்காது.

திருச்சி கண் ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து சோதனை மேல் சோதனை. தாடையை வைக்கச் சொன்னார்கள், பச்சை வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார்கள், கருவிழியின் கனத்தை அளந்தார்கள், சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் டாக்டரம்மா கூப்பிட்டார். ஷமீமா வயதுதான் இருக்கும். ரிப்போர்ட்டை நிதானமாகப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணும் மைனஸ் அஞ்சு. ரொம்ப வருஷமா மாறல. கருவிழி நல்ல கனமா இருக்கு. லேசருக்குத் தோதான கண்ணுதான்" என்றார்.

"அப்பத் தேதி குடுங்க டாக்டர்."

டாக்டர் சிரித்தார். "குடுக்கலாம். என்ன வேலை பாக்குறீங்க?"

"ஆரி வேலை. பிளவுஸுக்கு."

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?"

"எட்டு மணி நேரம். கல்யாண மாசம்னா பத்தும் ஆகும்."

"வேலை பாக்கும்போது இந்தக் கண்ணாடியப் போட்டிருப்பீங்களா?"

"இல்ல டாக்டர், கழட்டிருவேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அங்கதான் ஒரு விஷயம் இருக்கு. நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வெள்ளெழுத்து வரும், கிட்ட இருக்குறது மங்கும். உங்களுக்கும் வந்தாச்சு. ஆனா கிட்டப் பாக்கும்போது நீங்க கண்ணாடியக் கழட்டிடுறதால அது உங்களுக்குத் தெரியவே இல்ல. தூரத்துல உங்களுக்கு எது குறையோ, அதுதான் கிட்டத்துல லாபமா நிக்குது. லேசர் பண்ணினா தூரம் பளிச்சுன்னு தெரியும். ஆனா கிட்டத்துக்கு, படிக்க, ஊசி வேலை பாக்க, வேற கண்ணாடி தேவைப்படும். கழட்டிட்டுக் குனிஞ்சு பாக்குற வசதி அதுக்கப்புறம் இருக்காது."

கூட வந்திருந்த சாமியா, "எனக்கு அப்படி ஒண்ணும் சொல்லலையே மேடம்?" என்றாள்.

"உங்களுக்கு இன்னும் நாப்பது ஆகலையே" என்றார் டாக்டர். பிறகு ஷமீமாவிடம் திரும்பினார். "ஒரு கண்ணைத் தூரத்துக்கும் ஒரு கண்ணைக் கிட்டத்துக்கும்னு பண்றதும் உண்டு. ஆனா இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு ரெண்டு கண்ணும் சேர்ந்து பாக்கணும். அது உங்களுக்கு ஒத்து வருமான்னு சந்தேகம்தான். நான் வேண்டாம்னு சொல்லல. சந்தோஷமா பண்ணிக்கிட்டவங்க உங்க வயசுல எத்தனையோ பேர். முடிவு நீங்க எடுக்கணும். ஒண்ணு செய்யுங்க. வீட்டுக்குப் போயி, ஒரு நாள் முழுக்க இந்தக் கண்ணாடியக் கழட்டாம உங்க வேலையப் பாருங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் உங்க கண்ணு கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்."

அடுத்த வியாழக்கிழமைக்குத் தேதி போட்டுக் கொடுத்தார்கள். முன்னாலேயே மாற்றுவதானால் ஒரு போன் செய்தால் போதும் என்றார்கள்.

பஸ் ஸ்டாண்டில் சாமியா, "சும்மா பயமுறுத்துறாங்கக்கா" என்றாள்.

"பயமுறுத்தல. உள்ளதச் சொன்னாங்க" என்றாள் ஷமீமா. மருந்து விட்ட கண்ணுக்கு எதிரே நின்ற பஸ்ஸும் மங்கல், கையில் இருந்த டிக்கெட்டும் மங்கல்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாடி ஏறியதும், "இன்னைக்குப் பூராவும் நான் கண்ணாடியக் கழட்டக்கூடாது. மறந்து கழட்டுனா கையில ஒண்ணு போடுங்க" என்று பெண்களிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அன்னவாசல் கல்யாணப் பெண்ணின் பாட்டில் பச்சைப் பட்டு சட்டத்தில் இருந்தது. கை முழுக்க அன்னப்பட்சி வரிசை. மூன்று அன்னம் முடிந்திருந்தது.

ஊசியை எடுத்துக் குனிந்தாள். துணி தெரிந்தது. கோடு தெரிந்தது. ஊசி இருக்குமிடம் தெரிந்தது. கொக்கி மட்டும் தெரியவில்லை. தலையைப் பின்னால் இழுத்தாள். கொஞ்சம் தெளிந்தது. இன்னும் இழுத்தாள். இன்னும் தெளிந்தது, ஆனால் இப்போது முதுகு சுவரில் இடித்தது. கை நீட்டி வேலை செய்ய வேண்டியிருந்தது. நீட்டிய கைக்கு நிதானம் இல்லை. பத்து மணிக்குள் மூன்று தடவை கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. மூன்று தடவையும் சுகுணா, "அக்கா!" என்று குரல் கொடுத்தாள். குடுமியான்மலையிலிருந்து வகுப்புக்கு வரும் சுகுணாவுக்கு இருபத்துநாலு வயது. அவளும் தடிமனான கண்ணாடிக்காரிதான்.

பதினோரு மணிக்கு சுகுணா எழுந்து வந்து பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, சங்கிலி கோணுது."

கோணத்தான் செய்தது. நாலாவது அன்னத்துக்குக் கழுத்து முறிந்தது போல இருந்தது. ஷமீமா மொத்தத்தையும் பிரித்தாள். தலை விண்விண் என்று தெறித்தது.

மத்தியானம் சாப்பிட்டதும் மருந்துக்கடைக்குப் போய், படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கிவந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அதைத்தானே போட வேண்டும்? மூக்கில் இருந்த கண்ணாடிக்கு மேலேயே அதையும் மாட்டிக்கொண்டாள். பெண்கள் சிரித்த சிரிப்பில் கீழே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் மாடிப்படியில் எட்டிப் பார்த்தார். அவளும் சிரித்தாள். ஆனால் வேலை நடந்தது. சங்கிலி நேராக விழுந்தது. நாலாவது அன்னம் கழுத்தை நிமிர்த்தியது.

அதையும் அவள் மனதில் குறித்துக்கொண்டாள். முடியாது என்று இல்லை, முடிகிறது. ஆனால் நிமிர்ந்தால் எதிரே இருக்கிற பெண் மேகமாகத் தெரிகிறாள். கலர் காட்ட வந்தவரைப் பார்க்க மேல்கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருக்கிறது, துணியைப் பார்க்க மாட்ட வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு, மிகச் சின்ன மணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஓட்டை எந்தப் பக்கம் என்று எப்போதும் பார்ப்பாளே, அது மட்டும் கைகூடவில்லை. பக்கத்தில் கொண்டுவந்தால் மணி கரைந்துபோனது.

சாயங்காலம் பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லும்போது கண்ணாடி இரண்டையும் கழற்றி வைத்தாள். குனிந்தாள். பட்டின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகக் கண்ணுக்கு முன்னே வந்து நின்றது. ரோட்டில் அவள் இருப்பது நாளைக்கு ஒரு மணி நேரம். இங்கே இருப்பது எட்டு மணி நேரம். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. ஞாயிறும் போனது, திங்களும் போனது. ஊரெல்லாம் தமுக்கடித்தது அவள். பயந்தா ஒண்ணும் நடக்காது என்று வகுப்பெடுத்ததும் அவள். இப்போது வேண்டாம் என்றால் என்ன சொல்வார்கள்? வெள்ளெழுத்து, கிட்டப் பார்வை என்று விளக்கினால் யார் காதில் ஏறும்? பயந்துவிட்டாள் என்று ஒரே வார்த்தையில் முடிப்பார்கள்.

அதைவிட ஒரு சந்தேகம் அவளையே அரித்தது. உண்மையிலேயே பயம்தானோ? பயத்துக்கு ஆரி வேலையைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டோமோ? திங்கட்கிழமை அடுப்பில் பால் வைத்துவிட்டு, சாமியாவின் ஆபரேஷனை ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொடுத்த வீடியோவைப் போனில் போட்டுப் பார்த்தாள். சாமியா அனுப்பி ஒரு வருடமாகிறது, திறந்ததே இல்லை. திரை முழுக்க ஒரு கண். இமையைப் பிடித்து நிறுத்தும் கம்பி. கண்மேல் ஓடும் வெளிச்சம். அந்தக் கண்ணின் இடத்தில் தன் கண்ணை வைத்துப் பார்த்தாள். பயம் எட்டிப் பார்க்கிறதா என்று கவனித்தாள். ஒன்றும் இல்லை. முதலிலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தாள். பால்தான் பொங்கி வழிந்தது.

பயம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்தவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் என்ன?

செவ்வாய்க்கிழமை வகுப்பில் அத்தனை பேரும் இருக்கும்போது ஸ்பீக்கரில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். "இலுப்பூர் ஷமீமா பேசுறேங்க. வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன் போட்டிருந்தீங்க. வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். டாக்டர்கிட்டச் சொல்லுங்க, அவங்க சொன்னபடி செஞ்சு பாத்தேன், ரொம்ப உபயோகமா இருந்துச்சுன்னு." போனை வைத்துவிட்டு, வாயைப் பிளந்துகொண்டிருந்த பெண்களைப் பார்த்து, "வேலையப் பாருங்க" என்றாள்.

எதிர்பார்த்தது இரண்டு நாளில் வந்தது. பிளவுஸ் வாங்க வந்த மீனம்மாள் சொன்னார். "ஒன் வீட்டுக்காரரு டீக்கடைல சிரிச்சு சிரிச்சுச் சொல்லிக்கிட்டு இருக்காருடி. கடைசில எம் பொண்டாட்டி பயந்துட்டாப்பான்னு."

ஷமீமா வீட்டுக்கு வந்தபோது ஷேக் பரீது வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, தன் பிரஷர் மாத்திரை அட்டையைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். கை இன்னும் ஒரு சாண் நீளமாக இருந்தால் தேவலை என்பது போல இருந்தது அவர் நின்ற தோரணை.

"என்ன பாக்குறீங்க?"

"எக்ஸ்பைரி தேதி எங்கிட்டுப் போட்டிருக்கான்னு பாக்குறேன். எறும்பு மாதிரில்ல அடிச்சிருக்கான்."

ஷமீமா அட்டையை வாங்கினாள். கண்ணாடியைக் கழற்றித் தலைமேல் ஏற்றினாள். அட்டையை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து, தயாரித்த மாதம், முடிகிற மாதம், பேட்ச் நம்பர், கம்பெனி இருக்கிற தெரு, பின்கோடு வரைக்கும் கடகடவென்று படித்தாள்.

"பயந்தவ படிக்கிறேன், கேட்டுக்கங்க."

ஷேக் பரீது அட்டையை வாங்கித் திரும்பக் கை நீட்டிப் பார்த்தார். "இதெல்லாம் போட்டிருக்கா இதுல?"

"போட்டிருக்கு. ஒங்களுக்குத் தெரியல, அதுக்குப் பேருதான் வெள்ளெழுத்து. எனக்கும் வந்திருக்கு. ஆனா கண்ணாடியக் கழட்டுனா என்னைய ஒண்ணும் பண்ணாது. லேசர் பண்ணியிருந்தா நானும் ஒங்கள மாதிரிக் கைய நீட்டிக்கிட்டு நிப்பேன். ஆரி எப்படிப் போடுறது?"

அவர் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "நீ பண்ணிக்கலன்னதும் எனக்கு நிம்மதியாப் போச்சு. அந்தச் சந்தோஷத்துல சொல்லிட்டேன்" என்றார்.

"பயந்தது நீங்க. அதையும் சேர்த்துச் சொல்லிருக்கணும்ல?"

மறுநாள் டீக்கடையில் கதை மாறியது. எம் பொண்டாட்டி கண்ணு பூதக்கண்ணாடிப்பா, மாத்திரை அட்டையில பின்கோடு வரைக்கும் படிக்கிறா என்று அவர் சொல்லத் தொடங்கினார். ஷமீமா முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட் ஒன்றும், காதுக்குப் பின்னால் பட்டை கட்டிய மெல்லிய கண்ணாடி ஒன்றும் வாங்கினாள். மழைக்காலத்தில் விராலிமலைக்குக் காலையிலேயே போய்வரத் தொடங்கினாள்.

தை மாதத்தில் ஒரு நாள், வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் சுகுணா போகாமல் நின்றாள்.

"அக்கா, நான் பண்ணிக்கலாமாக்கா? ஒங்ககிட்டக் கேட்டா வேணாம்னுதான் சொல்லுவீங்கன்னு வீட்டுல சொல்றாங்க."

"நான் ஏன் வேணாங்கப் போறேன்? எனக்கு நாப்பத்திரண்டு, ஒனக்கு இருபத்துநாலு. நீ கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானே ஊசி போடுற, நல்லாத்தானே போடுற? பின்னாடி நாப்பது வயசுல படிக்கிற கண்ணாடி வரும். அதத் தெரிஞ்சுக்கிட்டுப் போ. பவர் ஏறாம நிக்குதா?"

"ரெண்டு வருஷமா அதேதான்க்கா."

"அப்பப் போயிக் கேளு. கருவிழி சரியில்லன்னு அவங்க சொன்னா மல்லுக்கட்டாத. சரின்னு சொன்னா, ஒன் இஷ்டம்."

டாக்டரம்மா சரி என்றார். சுகுணாவின் அம்மா தங்கமுத்து தனியாக வரப் பயந்ததால் ஷமீமாவும் கூடப் போனாள். உள்ளே ஆபரேஷன் நடப்பதை வெளியே ஹாலில் ஒரு டிவியில் காட்டினார்கள். திரையில் மகளின் கண் பெரிதாக வந்ததும் தங்கமுத்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஷமீமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கம்பி வச்சுட்டாங்க... சொட்டு விடுறாங்க... இந்தா, வெளிச்சம் வந்துருச்சு. அசையாம பாக்குறா ஒங்க பொண்ணு. கெட்டிக்காரிதான். முடியப் போகுது... ஒரு கண்ணு முடிஞ்சுது."

அடுத்த நாற்காலியில், மகனுக்காகக் காத்திருந்த ஒருவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்க எப்பம்மா பண்ணிக்கிட்டீங்க? இவ்வளவு விவரமாச் சொல்றீங்களே?"

"நான் பண்ணிக்கலைங்க. எனக்கு வேணாம்னு முடிவெடுத்துட்டேன்."

"ஏன், பயமா?"

"உங்களுக்கு என்ன வயசுங்க?" என்று ஷமீமா திருப்பிக் கேட்டாள்.

"நாப்பத்தெட்டு."

"போன்ல மெசேஜ் படிக்கிறப்பக் கைய நீட்டுறீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். ஷமீமா விளக்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் நாற்காலியைக் கொஞ்சம் இங்கிட்டு நகர்த்திக்கொண்டார்கள். பாதிப் பேச்சில் உள்ளிருந்து கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டு, நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு சுகுணா வந்தாள். வெங்காயம் உரித்தது போலக் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

தங்கமுத்து ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். "எப்படிம்மா இருக்கு? தெரியுதா?"

"எரியுதும்மா. பசிக்குது" என்றாள் சுகுணா.

மூன்று பேரும் கேண்டீனுக்குப் போனார்கள். சுகுணா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, தங்கமுத்து இட்லியைப் பிட்டுப் பிட்டு வாயில் வைத்தார். நாலு இட்லி போனது. இன்னும் ரெண்டு வேண்டும் என்று கேட்டாள்.